கூடி உழைக்கும் இயந்திரக் கரம்: தெரிவு செய்வது எவ்வாறு?

இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே வேலி அமைப்பது தொழிற்சாலைகளின் நெடுநாள் வழக்கம். பற்சக்கரம் சுழலும் இடத்தில் மூடியிருக்கும். அழுத்தப்பொறி இறங்கும் இடத்தில் கம்பியடைப்பு இருக்கும். அருகே எச்சரிக்கைப் பலகையொன்றும் தொங்கும். அவ்வேலியை அகற்றிவிட்டுத் தொழிலாளியின் தோளுக்கு அருகிலேயே நின்று வேலை செய்யும் இயந்திரக் கரங்கள் இன்று பல நாடுகளிலும் விற்பனையாகின்றன. கூட்டுழைப்பு றோபோ என்றும், சுருக்கமாகக் கோபோட் என்றும் இவற்றை அழைக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாக நிறுவப்பெற்ற தொழிற்சாலை றோபோக்கள் ஏறக்குறைய 5 இலட்சத்து 41 ஆயிரம். அவற்றுள் பத்தில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது என்பது சர்வதேச றோபோ சம்மேளனத்தின் கணக்கு.

வேலியின்றி நிற்கும் இயந்திரத்தை எவ்வாறு தெரிவு செய்வது? இவ்வினா பொறியியலாளருக்கும் முதலாளிக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுதல் தகாது. அவ்வியந்திரத்தின் அருகே நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பவர் ஒரு வீட்டின் தந்தையாகவோ தாயாகவோ மகளாகவோ இருக்கின்றார். காலையில் முழுமையாகச் சென்ற கையும் விரலும் மாலையில் முழுமையாகத் திரும்பவேண்டும் என்பதில் அக்குடும்பத்துக்கு இல்லாத அக்கறை வேறெவருக்கு உண்டு?

வேலி எழுந்த வரலாறு

றோபோ என்னும் சொல் பிறந்தது நாடக மேடைக்காக. செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகமொன்றில் மனிதருக்காக உழைக்கும் செயற்கை உயிர்களுக்கு அப்பெயரை இட்டார். செக் மொழியிற் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். நாடகத்தில் இருந்தது தொழிற்சாலைக்குள் நுழைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அமெரிக்கரான ஜோர்ஜ் டெவோல் 1954இல் இயந்திரக் கரமொன்றுக்குக் காப்புரிமை கோரினார். ஜோசப் எங்கெல்பேர்கர் அதனைத் தொழிலாக வளர்த்தார். யூனிமேற் எனப் பெயர் பெற்ற அக்கரம் 1961இல் நியூ ஜேர்சியிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையிற் பணியேற்று, அச்சில் வார்த்த சூடான உலோக உறுப்புக்களை எடுத்து வைத்தது. அதன் நிறை ஒரு தொன்னுக்கும் அதிகம். மனிதன் நெருங்கக்கூடாத வெப்பத்தில் மனிதனுக்குப் பதிலாக நின்றது அது. ஆனால் அதற்குக் கண்ணும் இல்லை, தொடுவுணர்ச்சியும் இல்லை. எதிரில் நிற்பது இரும்பா, மனிதவுடலா என்பதை அது அறியாது.

அறியாமையின் விலை 1979ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி புலனாயிற்று. மிச்சிகன் மாநிலத்தில் பிளற் றொக் என்னும் ஊரிலிருந்த போர்ட் நிறுவனத்தின் வார்ப்பாலையில், உதிரிப் பொருள்களைச் சேமித்து எடுத்துக் கொடுக்க ஓர் இயந்திர ஏற்பாடு இருந்தது. பொருளை எடுத்து வருவதற்காக அடுக்குத் தட்டின்மீது ஏறிய 25 வயதுத் தொழிலாளி ஒருவரை அதன் கரம் தாக்க, அவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். இயந்திரத்தைச் செய்த நிறுவனம் அவர் குடும்பத்துக்குப் பத்து மில்லியன் டொலர் வழங்கவேண்டுமென 1983இல் ஜூரிமார் தீர்த்தனர். இயந்திரம் ஒன்றாகவும் மனிதர் வேறாகவும் வேலை செய்யும் இடத்தில் இடையே உறுதியான அடைப்பு வேண்டும் என்பதை இத்தகைய விபத்துக்கள் வற்புறுத்தின.

வேலியைத் தாண்டிய எண்ணம்

எனினும் வேலி எல்லா வேலைக்கும் பொருந்தவில்லை. ஒரு பொருளை ஒருவர் பொருத்த, மற்றவர் திருகாணி முடுக்கவேண்டிய இடத்தில் இருவரையும் பிரித்து வைப்பது எங்ஙனம்? இதனைச் சிந்தித்த எட்வேர்ட் கோல்கேற், மைக்கேல் பெஷ்கின் என்னும் நோத்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகப் பேராசிரியர் இருவர் 1996ஆம் ஆண்டளவில் கோபோட் என்னும் கருத்தை வெளியிட்டனர். அவர்கள் செய்தது தானாக ஓடும் கரமன்று. தள்ளும் விசை மனிதனுடையது. வழிதவறாமற் செலுத்துவது மட்டுமே இயந்திரத்தின் வேலை.

இன்று நாம் காணும் கோபோட் வேறொரு வழியில் வந்தது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005இல் மூவர் தொடங்கிய யூனிவேர்சல் றொபோற்ஸ் நிறுவனம் 2008இறுதியில் தன் முதற் கரத்தை விற்றது. அதன் நிறை 18.4 கிலோகிராம், தூக்கும் பாரம் 5 கிலோகிராம், எட்டும் தூரம் 85 சென்ரிமீற்றர். யூனிமேற்றோடு ஒப்பிட்டால் யானைக்கு அருகே ஆட்டுக்குட்டி நிற்பது போன்றது. மூட்டுக்களில் எதிர்பாராத தடை தோன்றினால் அது தானே நின்றுவிடும். கையாற் பிடித்து இழுத்து, செல்லவேண்டிய வழியை அதற்குக் கற்பிக்கவும் இயலும்.

தீங்கு எங்கே இருக்கிறது?

விளம்பரத்தில் "பாதுகாப்பான கரம்" என்று போட்டிருக்கக் கண்டவர், அதனை வாங்கியவுடன் வேலியை எடுத்துவிடலாம் எனக் கருதுவர். பெருந்தவறு இங்கேதான் நிகழ்கின்றது. கரம் மெதுவாகவும் மென்மையாகவும் அசையலாம்; அதன் நுனியிற் கூரிய கத்தி பொருத்தப்பட்டிருந்தால் மென்மையால் ஆவதென்ன? குழந்தையின் கை மென்மையானதே. அரிவாளை அதனிடம் கொடுப்பார் உண்டோ? ஆதலால் கரத்தை மட்டும் சோதித்துப் பயனில்லை. கரம், அது பற்றியிருக்கும் கருவி, தூக்கும் பொருள், வைக்கும் மேசை, அருகில் நிற்கும் ஆள் ஆகிய யாவும் சேர்ந்ததே சோதிக்கப்படவேண்டியது. றோபோக்களின் பாதுகாப்புக்கான சர்வதேச நியமம் 2025இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, கூட்டுழைப்பு என்னும் சொல்லை இயந்திரத்தின் பெயராகக் கொள்ளாது, அது ஈடுபடும் வேலையின் பண்பாகவே கொண்டது. கருத்து மிகப் பொருத்தமானது.

இத்துறையில் 2016இல் வெளியான சர்வதேசக் குறிப்பு நான்கு வழிகளைக் கூறிற்று. ஆள் நுழைந்ததும் இயந்திரம் நின்று, வெளியேறிய பின்பு மீண்டும் இயங்குதல் ஒன்று. ஆளே கையாற் பிடித்து நடத்துதல் மற்றொன்று. ஆள் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் காத்தல் மூன்றாவது. மோதினாலும் தீங்கு நேராதவாறு விசையை அளவுக்குள் வைத்தல் நான்காவது.

நான்காம் வழிக்கு உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எல்லை குறிக்கப்பட்டது. கையும் விரலும் மேசைக்கும் கரத்துக்கும் இடையே நசுங்கும் நிலையில் 140 நியூற்றன் விசைக்கு மேற்படலாகாது. அதாவது ஏறக்குறைய 14 கிலோகிராம் நிறையின் அழுத்தம். முகத்துக்கோ எல்லை 65 நியூற்றன் மட்டுமே. வெட்டவெளியில் தட்டுப்படும் கை பின்னே விலகிக்கொள்ளும். மேசைமேல் அகப்பட்ட கைக்குப் போக்கிடமில்லை. ஆகவே எங்கே மோதக்கூடும் என்பதோடு, எங்கே அகப்படக்கூடும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். முகத்தின் உயரத்திற் கரம் வீசும்படியான ஏற்பாடு அறவே தவிர்க்கத்தக்கது.

அளந்து பார்த்தல்

அடுத்து நோக்கவேண்டியது வேலையின் அளவு. பண்டகசாலையொன்றில் 12 கிலோகிராம் நிறையுள்ள அட்டைப் பெட்டிகளைப் பலகைத் தட்டில் அடுக்கவேண்டும் என வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பற்றும் கருவியின் நிறை 4 கிலோகிராம் எனின், கரம் தூக்கவேண்டியது 16 கிலோகிராம். 12ஐ மட்டும் மனத்திற் கொண்டு 12.5 கிலோகிராம் தூக்கும் கரத்தை வாங்கினவர் பின்னர் வருந்துவார். எட்டும் தூரத்தையும் தட்டின் நடுவுக்கு அளந்தாற் போதாது. தொலைவிலுள்ள மூலைக்கும், கடைசி வரிசையின் உயரத்துக்கும் அளத்தல் வேண்டும்.

பின்பு வேகம். ஒரு பெட்டிக்கு 8 செக்கன் ஆகுமெனின் மணிக்கு 450 பெட்டிகள் அடுக்கலாம். வரிசையில் மணிக்கு 900 பெட்டிகள் வருமானால் பாதி தேங்கும். வேகத்தை இருமடங்காக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இயங்கும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். பாதுகாப்புக்காகக் குறைத்த வேகத்தை விளைச்சலுக்காகக் கூட்டினால், கூட்டுழைப்பு என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.

ஆகவே வேலியை வெறுக்கவேண்டியதில்லை. நாளுக்கு இருமுறை மட்டுமே ஆள் நுழையவேண்டிய இடத்தில், விரைந்து இயங்கும் பழைய வகை றோபோவை அடைப்புக்குள் நிறுத்துவதே உத்தமம். அமேசன் நிறுவனம் 2012இல் விலைக்கு வாங்கிய கீவா ஏற்பாட்டைப் பாருங்கள். அங்கே தாழ்ந்த சிறு வண்டிகள் அலுமாரிகளையே சுமந்து திரிந்தன. அவை ஓடும் பரப்பினுள் மனிதர் நடமாடவில்லை. ஓரத்தில் நின்று பொருளை எடுத்துக்கொண்டனர். ஒரே பொருளை இருவரும் மாறி மாறித் தொடவேண்டிய வேலைக்கு மட்டுமே வேலியற்ற கரம் பொருத்தமானது.

பற்றும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம் வழவழப்பான அட்டைப் பெட்டிக்கு ஏற்றது. இழை இடைவெளியால் காற்றுப் புகும் சாக்கை அது பற்றாது. மின்சாரம் திடீரென நின்றால் பற்றிய பொருள் விழுமா, நிற்குமா என்பதை விற்பனையாளரிடம் கேட்டறிதல் கடமை. பன்னிரண்டு கிலோகிராம் பெட்டி காலில் விழுந்தால் கரத்தின் மென்மை எவ்வகையில் உதவும்?

விற்றவர் நிலைத்திருப்பாரா என்பதும் எண்ணத்தக்கது. புகழ்பெற்ற விஞ்ஞானி றொட்னி புறூக்ஸ் தொடங்கிய நிறுவனம், திரையிற் கண்கள் அசையும் பாக்ஸ்ரர் என்னும் இருகை றோபோவை 2012இல் வெளியிட்டது. உலகமே வியந்தது. ஆயினும் எதிர்பார்த்த விற்பனை இன்மையால் 2018 ஒக்டோபரில் அந்நிறுவனம் மூடப்பட்டது. உதிரிப் பாகமும் திருத்துவோரும் கிடையாத இயந்திரம் வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய தையல் இயந்திரத்தினும் பயன் குன்றியது.

யாரைக் கேட்பது?

இவையனைத்தையும் அளந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. எந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது? அமெரிக்காவின் ஸ்பாற்றன்பேர்க் நகரிலுள்ள பி. எம். டபிள்யூ. ஆலையில் 2013இல் நடந்தது இதற்கு நல்ல விடை. மோட்டார்க் காரின் கதவினுள் ஒலியும் ஈரமும் புகாதவாறு ஒட்டும் படலத்தை, தொழிலாளர் கையுருளையால் அழுத்தி உருட்டி வந்தனர். நாள் முழுதும் ஒரே விசையோடு அழுத்துவது மணிக்கட்டுக்கும் கைக்கும் பெருஞ் சிரமம். அவ்வழுத்தும் வேலையை மட்டும் நான்கு கூட்டுழைப்புக் கரங்களிடம் ஒப்படைத்தனர். படலத்தை இடமறிந்து வைத்து இலேசாக ஒட்டும் வேலை மனிதரிடமே இருந்தது. கண்ணும் விரலுணர்ச்சியும் வேண்டிய பகுதி மனிதனுக்கு. சலியாத விசை வேண்டிய பகுதி இயந்திரத்துக்கு.

எப்பகுதி நோவு தருகின்றது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது. அவ்வேலையைச் செய்பவரே சொல்லவல்லார். எங்கே குனிகின்றார், எப்போது கையை உள்ளே நீட்டுகின்றார், அவசரத்தில் எக்குறுக்குவழியை நாடுகின்றார் என்பனவெல்லாம் அவர் அறிந்தவை. பிளற் றொக் ஆலையில் அன்று தட்டின்மேல் ஏறியவரும் வேலையை நடத்தவே ஏறினார். ஆதலின் இயந்திரத்தைத் தெரிவு செய்யும் குழுவில் அத்தொழிலாளிக்கும் ஓரிடம் வேண்டும்.

அவர் மனத்தில் அச்சம் இருத்தலும் இயல்பு. தம் கையை விடுவிக்க வந்த கரம் தம்மையே வேலையிலிருந்து விடுவித்துவிடுமோ என்று அவர் ஐயுறலாம். அவ்வையத்தை மறைத்துவைத்து ஒத்துழைப்பைப் பெற முடியாது. இயந்திரம் வந்த பின் அவருக்குரிய வேலை யாது, அதற்குரிய பயிற்சி எப்போது, ஊதியம் என்ன என்பவற்றை வாங்கும் முன்பே எழுத்திற் கூறுவது முதலாளியின் பொறுப்பு. கரத்தின் விலையையும், பற்றுங் கருவியின் விலையையும், நிறுவும் செலவையும் எழுதும் அதே தாளில், தொழிலாளியின் பயிற்சிச் செலவுக்கும் ஒரு வரி ஒதுக்கப்படல் வேண்டும். அவ்வரி இல்லாத கணக்கை நிறைவான கணக்கென்று கொள்ள இயலாது.