அளக்க வருபவர் யாருடைய ஆள்?

தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் 30 வருட வில்லங்கச் சான்றைப் புரட்டிப் பார்க்கிறார்கள், வக்கீலிடம் கருத்துக் கேட்கிறார்கள். இடத்தை அளக்கும் வேலையை மட்டும் தரகர் அழைத்து வரும் சர்வேயரிடம் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். அவர் தரும் அடுத்த வேலையை எதிர்பார்த்திருக்கும் சர்வேயர் குறையைச் சொல்லத் தயங்குவது இயல்பு. 40க்கு 60 மனை என்றால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. அகலத்தில் 2 அடி குறைந்தாலே 120 சதுர அடி போய்விடும்.

பத்திரத்திலேயே அளவு இருக்கிறதே என்பார்கள். பதிவு அலுவலகம் பத்திரத்தைத்தான் பதிகிறது. பக்கத்துச் சுவர் எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்வதில்லை. நல்ல சர்வேயரை அவர் தொடங்கும் இடத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். காம்பவுண்டு மூலையில் டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் சுற்றிவருகிறவர் சுவரைத்தான் அளக்கிறார். அரசு நில அளவை வரைபடமான புலப்படத்தோடு வந்து, மனைக்கு வெளியே மண்ணில் பாதி புதைந்த சர்வே கல்லைத் தேடி, அங்கிருந்து அளவைக் கொண்டுவருகிறவரே எல்லையை அளக்கிறார். கல் கிடைக்காவிட்டால் அதையும் அவர் எழுதித் தர வேண்டும். நாமே அமர்த்தும் தனியார் சர்வேயரின் வரைபடம் பக்கத்து வீட்டாரைக் கட்டுப்படுத்தாதே என்ற கேள்வி நியாயமானது. அளவு உதைத்தால், அரசு நில அளவையர் வந்து அளக்க விற்பவரையே மனுப் போடச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் நேரம் முன்பணம் கைமாறுவதற்கு முன்புதான். கிரயம் முடிந்த பிறகு அவர் அந்த மனுவுக்காக அலையமாட்டார்.