துயரத்துக்கு எத்தனை புள்ளி?

சான் ரமோன்: புகலிடம் கோரும் எம்மவர் உளமருத்துவரிடம் சென்றால், அவர் கையில் ஒரு வினாக்கொத்துத் தரப்படலாம். அதன் புள்ளி விண்ணப்பத்துக்குச் சான்றாகவும் அமையலாம். ஆகவே அந்த அளவுகோலை நாம் அறிந்திருத்தல் நன்று.

1992இல் வெளியான ஹாவாட் அதிர்ச்சி வினாக்கொத்து, கம்போடிய, லாவோஸ், வியட்நாமிய அகதிகளுக்கென ஆக்கப்பட்டது. ஒவ்வோர் அறிகுறிக்கும் 1 முதல் 4 வரை புள்ளி; சராசரி 2.5 ஆயின் மனவடு எனக் கருதுவர்.

அளவுகோலொன்றுக்கு நம்பகமும் ஏற்புடைமையும் வேண்டும். வளைகுடாவின் அக்கரையிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பின்னாளிற் பணியாற்றிய லீ குரொன்பாக், 1951இல் நம்பகத்தைக் கணிக்கும் ‘அல்பா’வை விளக்கினார், 1955இல் போல் மீலுடன் ஏற்புடைமையை ஆராய்ந்தார். எந்நாளும் நூறு கிராம் குறைத்துக் காட்டும் தராசு மாறாதது. ஆயினும் அதன் நிறை பிழையே.

2009இல் யாழ். மாவட்டத்தில் இவ்வினாக்கொத்தோடு வேறோர் அளவுகோலையும் பயன்படுத்தி ஆய்வு நடந்தது. மனவடு 7 வீதம், பதகளிப்போ 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். மனவடுவை மாத்திரம் அளந்திருந்தால் ஏனையோர் நலமென்றே எண்ணியிருப்போம்.

எம் அன்னையர் துயரைத் தலையிடி, நெஞ்சுநோ, பெருமூச்சு என்றே உரைப்பர். வினாவில் அச்சொல் இல்லையேல் புள்ளி குறையும். உண்மை உரைத்தவரும் ஐயுறப்படுவார்.

எனவே வாசகர்களே, வினா விளங்காவிடின் அதனைச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உடல்நோவையும் கூறுங்கள். மிகைப்படுத்தாதீர்கள்; வெட்கத்தால் மறைக்கவும் வேண்டாம்.