சிறுநீரகம் தளர்ந்தால் மாறும் கொலஸ்ட்ரால் கணக்கு

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் பலரை, டயாலிசிஸ் கட்டம் வருவதற்கு முன்பே இதயநோய் தாக்கிவிடுகிறது. ஆனால் அவர்களுடைய ரத்தக் கொழுப்புப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். பெரும்பாலும் அதிகமாக இருக்காது. அந்த ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்தானது.

சிறுநீரகம் பழுதாகும்போது முக்கியமாகக் கூடுவது டிரைகிளிசரைடு. இந்தக் கொழுப்பை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி மந்தமாகிறது. அதைத் தடுக்கும் அப்போ சி-3 என்ற புரதம் பெருகுகிறது. அரைகுறையாக உடைந்த கொழுப்புத் துகள்கள் ரத்தத்திலேயே தேங்குகின்றன. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. மிஞ்சியிருப்பதும் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கொலஸ்ட்ராலை அகற்றும் திறனைப் பெருமளவு இழக்கிறது. எல்.டி.எல். துகள்களோ சிறுத்து, அடர்த்தியாகி, சுவருக்குள் எளிதில் புகுந்துவிடுகின்றன. வழக்கமான பரிசோதனையில் இது தெரியாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மொத்தக் கொலஸ்ட்ரால் 180, எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 250 என்றால், வழக்கமான சூத்திரப்படி எல்.டி.எல். 100தான். ஆனால் மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால் 150 வருகிறது. தேங்கிய துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்குவதால், இந்த நோயாளிகளுக்கு இந்த எண்ணே கூடுதலாக உண்மை பேசும். தனிச் செலவும் இல்லை. சிறுநீரில் புரதம் மிக அதிகமாக வெளியேறுபவர்களுக்கு மட்டும் எல்.டி.எல்.லே வெளிப்படையாக எகிறும்.

டயாலிசிஸ் தொடங்கியபின் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அங்கே கொலஸ்ட்ரால் குறைவாக உள்ளவர்களிடம் இறப்பு அதிகம். ஊட்டச்சத்துக் குறைவும் உடலின் தொடர் அழற்சியும் கொலஸ்ட்ராலைக் கீழே இழுப்பதே இதற்கு முக்கியக் காரணம்; குறைந்த எண் அங்கே நலத்தின் அடையாளமன்று. 2005இல் வெளியான ஜெர்மானிய ‘4டி’ ஆய்வில், டயாலிசிஸிலிருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அட்டர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொழுப்புக் குறைப்பு மருந்து தரப்பட்டது. எல்.டி.எல். நன்றாகக் குறைந்தும், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. சுண்ணாம்பு படிந்து இறுகிய குழாய்களும், இதயத் துடிப்புக் கோளாறால் நேரும் திடீர் மரணமும் ஸ்டாட்டினுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

மாறாக, 2011இல் வெளியான ‘ஷார்ப்’ ஆய்வில் 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் பங்கேற்றனர். மூன்றில் இரண்டு பங்கினர் டயாலிசிஸுக்குப் போகாதவர்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற மருந்தும் சேர்ந்து, குழாய் அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகளை 17 சதவீதம் குறைத்தன. 2013ஆம் ஆண்டின் சர்வதேச ‘கேடிகோ’ வழிகாட்டுதல் இதையொட்டியே அமைந்தது: டயாலிசிஸில் இல்லாத, 50 வயதைக் கடந்த சிறுநீரக நோயாளிகளுக்கு எல்.டி.எல். எவ்வளவு என்று பாராமலே ஸ்டாட்டின் தரலாம்; டயாலிசிஸிலிருப்பவருக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம்; முன்பே எடுத்துவந்தவர் நிறுத்த வேண்டியதில்லை.