நொண்டிய காலோடு நின்ற யமாஷிதா

ஆள் பெரிசா இருந்தால் போதும், மல்லுக்கட்டில் ஜெயித்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜப்பான்காரர் யாசுஹிரோ யமாஷிதாவின் கதையைக் கேட்டால் அந்த நினைப்பு மாறிவிடும், தோழர்களே.

1957-இல் குமமோட்டோ மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வாட்டசாட்டமான உடம்பு, கூடவே முரட்டுத்தனம். அதற்கு மூக்கணாங்கயிறு போடத்தான் வீட்டார் அவரை ஜூடோ பழக விட்டார்கள். ஜூடோவில் குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியின் சட்டையைப் பிடித்து முதுகு தரையில் படும்படி வீச வேண்டும். இல்லையென்றால் எழவிடாமல் அமுக்க வேண்டும்.

1977-இல், 19 வயதில், அகில ஜப்பான் பட்டம் பெற்றார். 1985 வரை தொடர்ந்து 9 தடவை அந்தப் பட்டம் அவருக்கே. 1979, 1981, 1983 ஆண்டுகளில் மொத்தம் 4 உலகப் பட்டங்கள். 1977 முதல் 1985 வரை தொடர்ந்து 203 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஏழு மட்டும் சமம். சும்மாவா?

ஆனால் மக்கள் அவரை நெஞ்சில் வைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததால், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தன. ஜப்பானும் போகவில்லை. முடிவு செய்தது மேலிடம். வருஷக்கணக்கில் வேர்வை சிந்தியவர் விளையாட்டுக்காரர். எங்களைப் போக விடுங்கள் என்று எல்லார் முன்னாலும் அழுதார் அந்த மலை போன்ற மனிதர். நம் மலேசியாவும் அப்போது போகவில்லை. தகுதி பெற்றிருந்த கோல்கீப்பர் ஆறுமுகம் போன்ற நம் பந்து வீரர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அதே வருஷம் மே மாதம் ஓர் ஆட்டத்தில் யமாஷிதாவின் இடது காலும் முறிந்தது.

அவர் விடவில்லை. நாலு வருஷம் காத்திருந்து 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்கால் தசை கிழிந்தது. நொண்டிக்கொண்டே அரையிறுதிக்கு வந்தார். அங்கே பிரெஞ்சுக்காரர் அவரை விழத்தட்டினார். எழுந்து அவரையும் ஜெயித்தார். இறுதி ஆட்டத்தில் எகிப்து வீரர் முகமது ரஷ்வானைத் தரையில் அமுக்கிப் பிடித்தார். முப்பது விநாடி. தங்கம் கிடைத்தது. யமாஷிதா கண் கலங்கி நின்றார்.

பரிசு மேடை ஏறக் கால் ஒத்துழைக்கவில்லை. கை கொடுத்து ஏற்றிவிட்டது யார் தெரியுமா? தோற்றுப்போன அதே ரஷ்வான்! அடிபட்ட காலைக் குறிவைத்து ஜெயிக்க மனம் வரவில்லை என்று சொன்னவர் அவர். உலகம் இருவரையும் சேர்த்தே கொண்டாடியது. அந்த வருஷமே ஜப்பான் அரசு யமாஷிதாவுக்கு நாட்டு மக்கள் மரியாதை விருது கொடுத்தது. 1985-இல் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றவர், 2019 முதல் 2025 வரை அந்நாட்டு ஒலிம்பிக் மன்றத் தலைவராகவும் இருந்தார்.

நம்ம வீட்டிலும் முரட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். "உருப்படாதவன்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். திடலில் இறக்கி, நல்ல வாத்தியார் ஒருவர் கையில் பிடித்துக் கொடுங்கள். ஜெயிப்பது எப்படி என்பதோடு, தோற்றாலும் எதிராளிக்குக் கை கொடுப்பது எப்படி என்பதையும் அவன் கற்றுக்கொள்ளட்டும்.