வெங்காய மணமும் நாசியின் தந்திரமும்

பெரம்பலூரை அடுத்த செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கும் காலத்தில், குவியல் கண்ணுக்குத் தென்படுமுன்பே மூக்கு அதை அறிந்துவிடுவது எப்படி என்று யோசித்தால், நசுங்கிய வெங்காயத்திலிருந்து காற்றில் கலந்த சொற்பமான கந்தகச் சேர்மங்களை நாசியின் மேற்கூரையிலுள்ள நரம்பணுக்கள் பெருக்கிக் காட்டும் விசித்திரம் புலப்படும். (கண்ணீர் வேறொரு நரம்பின் காரியம்.)

அவ்வணுக்களின் நுண்ணிழைகளிலுள்ள ஏற்பியில் வாசனை மூலக்கூறு படிந்ததும், உள்ளே சுழற்சி ஏஎம்பி என்னும் தூதுப்பொருள் உண்டாகிச் சவ்வின் வாயில்களைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உட்புகுகின்றன. புகுந்த கால்சியமோ வேறு வாயில்களைத் திறந்துவிட, அணு முன்னமே சேமித்து வைத்திருந்த குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. எதிர்மின்னூட்டம் வெளியே போவதும் நேர்மின்னூட்டம் உள்ளே வருவதும் பலனில் ஒன்றே ஆதலால், அற்பமாய்த் தொடங்கிய சமிக்ஞை பன்மடங்கு பெருகுகிறது. முதிர்ந்த மூளையணுக்களில் பெரும்பாலும் கிளர்ச்சியை அடக்கும் குளோரைடே இங்கு அதைத் தூண்டுவதுதான், என் அபிப்பிராயத்தில், இதிலுள்ள மகா சாமர்த்தியம்.

லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெறக் காரணமான அந்த ஏற்பிகள், மனிதரிடம் சுமார் 400 வகை.

அதே கால்சியம் சற்றைக்கெல்லாம் முதல் வாயில்களின் கூருணர்வைக் குறைத்துவிடுகிறது. அரியலூர்ச் சாலையில் லாரியைக் கடந்து போகிறவனுக்கு வீசும் நெடி, மூட்டைமேல் அமர்ந்து வருகிறவனுக்கு வீசாததற்கு அதுவும் ஒரு காரணம்.