வட்டு இயக்கியும் நிலைபொருளும்

இராசிபுரம் முதலான ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடைபெற்ற திருமணங்கள் பலவற்றின் காட்சிகள் குறுவட்டுகளில் பதிந்து வைக்கப்பட்டன. மறைந்த முன்னோரின் முகமும் குரலும் அவற்றில் எஞ்சியிருக்கக் கூடும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கி இடம்பெறுவதில்லை. ஆதலால், வீட்டிலுள்ள பழைய இயக்கியைப் பழுதின்றிப் பேணுதல் இன்றியமையாததாகிறது.

வட்டைச் சுழற்றும் மோட்டார், லேசர் ஒளியை உமிழும் பகுதி, மீண்டுவரும் ஒளியை உணரும் பகுதி ஆகியவை இயக்கியின் முதன்மை உறுப்புகள். இவற்றுக்குக் கட்டளையிடும் நிரல், இயக்கியினுள் இருக்கும் நினைவகச் சில்லில் பதிந்துள்ளது. அதுவே நிலைபொருள் எனப்படும். குறுவட்டுக்கு 780 நானோமீட்டர், டிவிடி வட்டுக்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி தேவை. எந்த வட்டுக்கு எந்த ஒளி, எவ்வளவு வேகம், எழுதும்போது எவ்வளவு ஆற்றல் என்பவற்றை நிலைபொருளே முடிவு செய்கிறது. இயக்கி விற்பனைக்கு வந்தபின் சந்தையை அடைந்த புதுவகை வட்டுகளை அது அறியாது. அக்குறையைப் போக்கவும், பிழைகளைத் திருத்தவும் நிறுவனங்கள் புதிய பதிப்புகளை வெளியிடுகின்றன. எனினும், கீறல் விழுந்த வட்டுக்கு நிலைபொருள் மருந்தன்று.

புதுப்பிக்கும்போது பழைய நிரல் அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால், பழையதும் இல்லை. புதியதும் முழுமையாக இல்லை. தன்னை வழிநடத்தும் நிரலை இழந்த இயக்கி செயலற்றுப்போகும்.

இவ்விடர் எத்தகையது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்று. அவ்வாண்டு வெளிவந்த மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2, இயக்கியின் தற்காலிக நினைவகத்தை வெறுமையாக்கும் கட்டளை ஒன்றை அனுப்பியது. எல்ஜி நிறுவனத்தின் சில குறுவட்டு இயக்கிகள் அதே கட்டளையை நிலைபொருளை மாற்றும் ஆணையாகக் கொண்டிருந்தன. அதனால் அவை செயலிழந்தன. பயனர் எவரும் புதுப்பிக்க எண்ணவில்லை. ஆயினும் கேடு நேர்ந்தது.

ஆகவே, இயக்கி குறையின்றிச் செயல்பட்டால் அதனைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. தேவை ஏற்படின், முதலில் அரிய வட்டுகளின் உள்ளடக்கத்தை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர், இயக்கியின் மாதிரி எண்ணையும் நடப்புப் பதிப்பையும் குறித்துக்கொண்டு, அந்த மாதிரிக்கென உற்பத்தியாளர் வெளியிட்ட கோப்பை மட்டுமே பெறுதல் வேண்டும். பெயர் ஒத்திருப்பினும் மாதிரி எண் வேறுபட்டால் அக்கோப்பு பொருந்தாது. இயக்கியினுள் வட்டு இருத்தல் கூடாது. பிற செயலிகளை மூடிவிட்டு, கணினி உறக்கநிலைக்குச் செல்லாதவாறு அமைக்க வேண்டும். மேசைக்கணினியை யு.பி.எஸ். கருவியுடன் இணைக்க வேண்டும். மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுமையாக ஏற்றி, மின் இணைப்பிலும் வைத்திருக்க வேண்டும். பணி முடியும்வரை எதனையும் அணைத்தலும் பிடுங்குதலும் கூடாது. முடிந்தபின் கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, பதிப்பு எண் மாறியுள்ளதா எனச் சரிபார்த்தல் வேண்டும்.

புதுப்பித்தல் சில நிமிடங்களில் முடியும் பணியே. அதற்கு முன் செய்யும் ஆயத்தமே கருவியையும், அதன்வழி நாம் காணும் நினைவுகளையும் காக்கிறது.