சி.ஏ. படிக்கும் பிள்ளைகளும் பெற்றோர் அறிய வேண்டிய கணக்கும்

நம் சங்க விழாக்களில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும். "என்ன, பையன் சி.ஏ. முடிச்சாச்சா?" கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் தடுமாறுகிறார்கள். தில்லியில் பல ஆண்டுகளாக ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். என் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்தப் படிப்பில் மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத விரும்புகிறேன். பிள்ளைகளைவிடப் பெற்றோர் இதைப் படித்தால் எனக்கு மகிழ்ச்சி.

1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கணக்காயர் கழகம்தான் இத்தேர்வுகளை நடத்துகிறது. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படிகள். பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் வாங்கியவர்கள் முதல் படியைத் தாண்டி நேரே இன்டரில் சேரலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த வழியில்தான் வருகிறார்கள். கல்லூரியில் எண்பது மதிப்பெண் பார்த்துப் பழகிய கண்கள் இங்கே நாற்பத்தெட்டைப் பார்க்கும்போது கலங்கிப் போகின்றன.

தேர்ச்சி விதி இதுதான். இன்டரிலும் ஃபைனலிலும் இரண்டிரண்டு குரூப்கள்; 2023-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி ஒரு குரூப்புக்கு மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும். அது போதாது, மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வர வேண்டும். என்னிடம் இருந்த ஒரு பெண் 48, 47, 54 வாங்கினாள். கூட்டிப் பாருங்கள், 149. எந்தத் தாளிலும் அவள் தோற்கவில்லை. ஆனால் குரூப் போயிற்று. மூன்று தாளையும் மறுபடி எழுத வேண்டும். ஏதாவது ஒன்றில் 60 வாங்கியிருந்தால் அந்தத் தாளுக்கு விலக்கு கிடைத்திருக்கும், அதுவும் இல்லை. "ஒரு மார்க்கா?" என்று அவள் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த ஒரு மார்க்கைவிட அப்பாவின் அந்தக் கேள்விதான் அவளை அதிகம் வாட்டியது என்று பிற்பாடு சொன்னாள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால், எல்லாத் தாளிலும் 40 தாண்டி, மொத்தம் 600-க்கு 300 வந்துவிட்டால் தேர்ச்சி. ஒன்றில் 138, மற்றதில் 165 வந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு தாள்களையும் ஒரே சமயத்தில் தலையில் வைத்திருக்க வேண்டும். ஒன்றா, இரண்டா என்று முடிவு செய்வதற்குள்ளேயே பாதித் தூக்கம் போய்விடுகிறது.

2024 மே மாதம் ஃபைனலின் இரு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்கள் 35,819 பேர்; தேறியவர்கள் 7,122. அதே ஆண்டு நவம்பரில் 30,763 பேர் எழுதி 4,134 பேர்தான் தேறினார்கள். அதாவது அந்த நவம்பரில், எழுதிய எட்டுப் பேரில் கிட்டத்தட்ட ஏழு பேர் வெறுங்கையோடு அல்லது ஒரு குரூப்போடு திரும்பியிருக்கிறார்கள். அவ்வளவு பேருமா சோம்பேறிகள்? இந்தப் படிப்பில் ஓரிரு முறை தவறுவது சாதாரண விஷயம். வீட்டில் அது தெரியாததால்தான் பிள்ளை குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து நிற்கிறான்.

இடையில் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு மூன்று ஆண்டுகள். புதிய திட்டத்தில் இரண்டு. அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். அந்த ஆறு மாதத்தைப் படிப்புக்கென்றே ஒதுக்கியது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. ஆனால் இந்த இரண்டு ஆண்டும் லேசானவை அல்ல. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வருமான வரிக் கணக்கும் தணிக்கையும் மென்னியைப் பிடிக்கும். பிள்ளைகள் இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். ஸ்டைபண்ட் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும். லக்ஷ்மி நகர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கோச்சிங் வகுப்புகளுக்கு நடுவே, ஓர் அறையில் இரண்டு மூன்று பேராக வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். சாப்பாடு பெரும்பாலும் நூடுல்ஸ். இவர்களோடு ஒப்பிட்டால், அம்மா கையால் ரசம் சாதம் கிடைக்கும் நம் பிள்ளைகள் பாக்கியசாலிகள்தாம். ஆனால் அறைத் தோழனிடம் புலம்ப முடிவதை அப்பாவிடம் புலம்ப முடிவதில்லையே!

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்குவது வழக்கம். நம் பிள்ளைகளோ இரவு மூன்று மணி வரை விழித்துப் படித்து, காலை பத்துக்கு எழுந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். அறிவு நள்ளிரவில் பிரகாசித்து என்ன பயன்? கடைசி இரண்டு மாதமாவது மதியம் 2 முதல் 5 வரை கடிகாரத்தை வைத்து, பழைய வினாத்தாளுக்குக் கையால் விடை எழுதச் சொல்கிறேன். படிப்பதைவிட எழுதிப் பார்ப்பது பயத்தைக் குறைப்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால், "பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேச வசதி உண்டு. நேரில் மருத்துவரைப் பார்க்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல முதல் படி.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. ஐந்து, ஆறு முறை எழுதியும் முடியாமல், இனி வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். இன்டர் தேறி ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்களைக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகள் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. வரியும் தணிக்கையும் கையால் செய்து பழகியவர்கள் அல்லவா? அந்த 149 பெண் அடுத்த முறை தேறிவிட்டாள். அவளோடு என்னிடம் சேர்ந்த பையன் தேறவில்லை. நான்காம் முறைக்குப் பிறகு நிறுத்திக்கொண்டு, குர்காவில் ஒரு நிறுவனத்தில் கணக்கு மேலாளராக இருக்கிறான். போன மாதம் ஒரு ஜி.எஸ்.டி. சந்தேகத்துக்கு நான்தான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.